மூன்றாவது அடியில் ராமென் வண்டி

"சினிமா எடுத்த மனுஷன் சினிமாவோட நின்னிருக்கணும்" என்றான் ஷியோமி, டைரக்டர் ஹிராயே காதில் விழட்டும் என்றே.

பதினோரு படம் எடுத்து, கடைசி நாலும் ஓடாமல், எங்கள் கியோட்டோ அலுவலகத்துக்கு வீடியோ கேம் உருவாக்க வந்தவர் ஹிராயே. வாள்வீரன் கதை. ஆட்டம் தொடங்கும் வாசலிலிருந்து மூன்றே அடியில் ராமென் நூடுல்ஸ் விற்கும் ஒரு வண்டி. அங்கே ஒரு கிழவர், "வந்துட்டியா? குளிருது பார், உட்காரு" என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம் பேசுவார். அதுவும் திக்கித் திணறி.

"வாளை உருவுறதுக்கு முன்னாடியே நூடுல்ஸா, டைரக்டர்? வண்டியைக் கடைசித் தெருவுக்குத் தள்ளிடலாம்."

"அங்கேயே இருக்கட்டும், ஷியோமி."

"இடம் போதலைன்னு என் டிராகன் சண்டையை வெட்டுனீங்க. நாலு மாச உழைப்பு! இதை வெட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"குரல் கொடுத்தவர் உங்க பழைய சிநேகிதராமே. அதான்!"

அன்று நானும் ஷியோமி கட்சிதான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேம் வெளிவந்த இரண்டாம் மாதம், யார் யார் எவ்வளவு தூரம் ஆடினார்கள் என்ற கணக்குத் தாளை ஆட்டிக்கொண்டு ஷியோமி வந்தான்.

"கானசாவாவுல ஒரு ஆள். தினமும் காலையில உள்ளே வர்றார், ராமென் வண்டிகிட்ட நிக்கிறார், கேமை அணைச்சிட்டுப் போயிடறார். ஐம்பத்தெட்டு நாளா இதே கதை! நாலாவது அடி வைக்கத் தெரியலை. நான் அப்பவே சொன்னேனா, இல்லையா?"

ஹிராயே தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"குரல் கொடுத்தவர் குவாபாரா. என் பதினோரு படத்துலயும் நடிச்சார். நீளம் கூடிப்போச்சுன்னு பதினொண்ணுலயும் அவர் காட்சியைத்தான் வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் முதல் நாளே சம்சாரத்தோட வருவார். கடைசிப் பேர் ஓடி விளக்கு போடுற வரைக்கும் அந்தம்மா எழுந்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு தடவைகூட என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"அவரை ஒருநாள் இங்கே கூப்பிட்டிருக்கலாமே..." ஷியோமியின் குரல் இறங்கியிருந்தது.

"நுரையீரல் போயிடுச்சு. அந்தத் திணறல் நடிப்பில்லை. பதிவு முடிஞ்ச மறுமாசமே போயிட்டார்."

ஹிராயே கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வண்டியை முதல்ல கடைசித் தெருவுலதான் வெச்சிருந்தேன், ஷியோமி. கானசாவா போய் கேமை அந்தம்மா கையில கொடுத்துப் பார்த்தேன். நடுங்குற கை. மூணு அடிக்கு மேல நடத்த வரலை."