சிவப்பு ஸ்டிக்கர்

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தொடர்கொலைச் சோதனை நடந்தது. வாய்ப்பு வந்தால் யார் எந்த வகைக் கொலைகாரர் ஆவார் என்று சொல்லிவிடுகிற சோதனை. குரல் கேட்டுக் கொல்பவர், ஊரைத் திருத்தக் கொல்பவர், சுகத்துக்காகக் கொல்பவர், அடக்கி ஆளக் கொல்பவர் என்று நான்கு வகை.

முடிவும் ஸ்டிக்கரும் கடிதத்தில் வந்தன. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் பிரிப்பேன். என் மனைவி அம்சவேணிக்கு எந்த வகையும் இல்லை, வெள்ளை ஸ்டிக்கர். எனக்கு நான்காம் வகை, சிவப்பு. எழுபத்திரண்டு வயதுவரை நான் ஒரு கொசுவைக்கூட முதல் அடியில் கொன்றதில்லை.

வாசல் பெயர்ப்பலகையில் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பை அவள் பெயருக்குக் கீழே ஒட்டினேன். கை தவறிவிட்டது என்று சொல்ல இருந்தேன், யாரும் கேட்கவில்லை.

சிவப்பு ஒட்டிய வீட்டுக் கத்தி வாட்ச்மேனிடம் இருக்கும். சிவப்புக்காரரே தினமும் போய் வாங்கிவந்து, காய் நறுக்கியதும் திருப்பித் தரவேண்டும். அம்சவேணி போனாள். எதிர்வீட்டுக்காரர்கள் அவளோடு லிஃப்டில் ஏறுவதை நிறுத்தினார்கள்.

இன்று கத்தியும் புடலங்காயுமாக வந்து உட்கார்ந்தாள். "யாரையாவது கொல்லணும்னு தோணுமா பாட்டின்னு வாட்ச்மேன் கேக்கறான். நாப்பத்தாறு வருஷமா ஒரே ஆளைத்தான்னு சொன்னேன்."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "வேணி, அந்தச் சிவப்பு என்னோடது."

"தெரியும்," என்றாள், நறுக்குவதை நிறுத்தாமல். "ஒருத்தர் முன்னாடி போய்க் கையை நீட்டிக்கிட்டு நிக்க உங்களால ஆகாது. எனக்கு இந்த வீட்டுல பழக்கம்தானே."