உடம்புச் சூடு

ஃபெரி நடுக்கடலில் வேகம் குறைந்து, பிறகு அசையாமல் நின்றது.

எதிர்க்கரை ஜெட்டியில் முந்தைய ஃபெரி இன்னும் கார்களை இறக்கிக்கொண்டிருந்தது.

புஷ்பவள்ளி மார்பின்மேல் அழுத்தியிருந்த கையை எடுக்கவில்லை. சட்டைக்குள், தோலை ஒட்டி, ஒரு சிறு போத்தல். அதில் சந்திரசேகரனின் விந்து இருந்தது.

அவனுக்கு விரையில் புற்றுநோய். ஒரு விரையை அகற்றிவிட்டார்கள். நாளை காலை மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். அதன் பிறகு அவனுக்குக் குழந்தை பிறக்காமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எதிரே தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் இதை உறைய வைத்துப் பாதுகாப்பார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் கொண்டுசேர்க்க வேண்டும்.

அவள் புறப்படும் முன், பிறை என்ற அவனுடைய ஊரில், அறைக் கதவைச் சிறிதளவே திறந்து அவன் போத்தலை நீட்டியிருந்தான். காயத்தின் வலியில் நிமிர முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கீழ போட்டுறாத வள்ளி. இன்னொரு வாட்டி என்னால முடியாதுலா."

மழைக்காற்று கடலிலிருந்து குளிர்ந்து வீசியது. அவள் துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டாள்.

பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி, பால் கட்டிக்கிச்சா? கைப்புள்ளய வுட்டுட்டு வந்துட்டியா?"

புஷ்பவள்ளிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், "ஆமாக்கா" என்றாள்.

"புள்ள பசி இந்த ஃபெரிக்காரனுக்கு எங்க தெரியப்போவுது! மேல ஏறிக் கத்துலா. நானும் சேந்து கத்துறேன்."

சிரிக்க முயன்றாள். கடிகாரம் கட்டிய கையால்தான் போத்தலை அழுத்தியிருந்தாள். நேரம் பார்ப்பதற்காக அதை எடுக்க மனம் வரவில்லை.

ஃபெரி நகர்ந்தது. கரை சேர்ந்து தடுப்பு விலகியதும் முதல் ஆளாக ஓடினாள்.

கிளினிக் மாடியில் இருந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் நின்று போத்தலை வெளியே எடுத்தாள். சூடு இருந்தது. அது போத்தலுடையதா, தன் கையுடையதா என்று தெரியவில்லை.

திருமணமானவர்களுக்கு மட்டும்தான், மனைவிதான் கொண்டுவர வேண்டும் என்று தாதி ரோஹானா நேற்றுத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

அவனுக்கு நோய் என்று தெரிந்த அன்றே, நிச்சயதார்த்தச் சேலையையும் மோதிரத்தையும் அவளுடைய அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்.

புஷ்பவள்ளி கைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தாள். சந்திரசேகரனிடம்கூட அதைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

முதல் முடிச்சு அவன் போட வேண்டியது. மற்ற இரண்டும் அவனுடைய அக்காள் போட வேண்டியவை.

போத்தலைத் தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மூன்றையும் தானே போட்டாள்.