இலவச நோய்

கிருமிநாசினி ஸ்டாண்டின் மிதியைத் தையல்காரர் தம் தையல் மெஷினை ஓட்டிய வேகத்தில் அமுக்கிவிட, திரவம் பீறிட்டு ஆஸ்பத்திரி பில் கவுண்டரின் கண்ணாடியெங்கும் வழிகிறது. "மெஷினை வித்த பிறகும் கால் அடங்கலையா?" என்று பெஞ்சில் நெஞ்சைப் பிடித்தபடி மனைவி சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாகி, முகக்கவசம் வாயில் ஒட்டி ஒட்டி மீள்கிறது. கொள்ளைநோய்க்கு மட்டும் அரசே செலவை ஏற்கும் என்கிறது சுவரொட்டி. ஊரே நடுங்குகிற அந்த நோய் இவளுக்கு இருந்து தொலைக்கக் கூடாதா என்று, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி, வெட்கமில்லாமல் வேண்டிக்கொள்கிறார். "ரிசல்ட் என்னம்மா?" என்கிறார் மறுபடியும். இதுவரை "உட்காருங்க" என்று மட்டுமே சொன்ன கவுண்டர் பெண், துடைத்த வட்டத்தின் வழியே அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். "அந்த நோய் இல்லண்ணா. இது இருதய அடைப்பு. ஆபரேஷனுக்கு நீங்கதான் கட்டணும்."