ஏட்டையா அழக் கூடாது

"இன்னைக்கும் அழுதீங்கன்னா, அந்த மஞ்சக் கோட்டைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிரணும் ஏட்டையா. மூணு வாரமாச் சொல்லிட்டிருக்கேன்" என்றார் அறிவுச்செல்வி சிஸ்டர்.

பழனிக்குமார் தலையாட்டினார். ஓய்வு பெற்ற ஏட்டு. அந்த மீசையைப் பார்த்து பஸ் ஸ்டாண்டு பிக்பாக்கெட்டுகளெல்லாம் ஒதுங்கிப் போன காலம் உண்டு. மனைவி இதே பராமரிப்பு இல்லத்தில் கண்ணை மூடியபோது இவர் திருவிழா பந்தோபஸ்தில் நின்றிருந்தார். அந்த உறுத்தல் தாங்காமல்தான், கடைசி நாட்களில் இருப்பவர்களுக்குத் துணையிருக்கும் தொண்டராகச் சேர்ந்து மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டார். இதுவும் போய்விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆனால், யார் எதைச் சொன்னாலும் அழுகை வந்து தொலைக்கிறது. போன வாரம் மூன்றாம் கட்டில் ஆவுடையப்பன் "இட்லி நல்லாருக்கு" என்று சொன்னதற்கே இவர் அழுதுவிட்டார்.

"ஏன்யா, ஸ்டேஷன்லயும் திருடன் பக்கத்துல உக்காந்து இப்பிடித்தான் ஒப்பாரி வப்பீகளா?" என்று ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் சிஸ்டரே ஓடி வந்தார்.

இன்று பழனிக்குமார் ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். அழுகை முட்டினால், திருட்டுப் போன பைக்குகளின் நம்பர், அடையாளங்களை மனதுக்குள் ஒப்பிப்பது.

"வாங்க ஏட்டையா, செத்த உக்காருங்க" என்றார் ஆவுடையப்பன். குடும்பத்தைப் பற்றி இதுவரை வாய் திறக்காத மனிதர், இன்று தானாகவே ஆரம்பித்தார். "எம் பொண்டாட்டி போயி இன்னையோட பத்து வருசம்."

மனதுக்குள் ஒப்பிக்கத் தொடங்கினார். டி.என். 57, ஹீரோ ஹோண்டா, கறுப்பு கலர். "அப்பிடிங்களாண்ணே" என்றார் பழனிக்குமார்.

ஆவுடையப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார். "சாகுறப்பவும், 'நீங்க சாப்டீகளா'ன்னுதான் கேட்டா."

சைடு கண்ணாடி கிடையாது. சீட் கிழிசல். "ம்."

"ஒரே மக. கட்டிக் குடுத்து அனுப்புன அன்னைக்கு, பஸ்ஸு மறையிற வரைக்கும் கையாட்டுனா. அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் திரும்பியே பாக்கல."

மீசை துடித்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். பச்சை கலர் மொபெட், கன்னிவாடி சந்தையில் காணாமல் போனது. "காப்பி சாப்புடுறீகளாண்ணே?"

"ஆசையா வளத்த நாயும் செத்துப்போச்சுய்யா." ஆவுடையப்பன் குரலில் இப்போது கோபமே வந்துவிட்டது.

"அப்பிடிங்களாண்ணே."

ஆவுடையப்பன் தலைமாட்டு மணியை அழுத்தினார். "செத்த வெளிய நில்லுங்க ஏட்டையா. உங்களப் பத்திச் சிஸ்டர்ட்ட ஒரு புகார் சொல்லணும்."

பழனிக்குமார் எழுந்தார். ஒரு சொட்டுக்கூட விடவில்லையே, அப்புறம் என்ன புகார்? கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தபடி வெளியே வந்தார். சிஸ்டர் உள்ளே போனதும் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னத்தச் சொல்லி இந்த மனுசனக் கெடுத்து வச்சீக சிஸ்டர்?" ஆவுடையப்பனின் குரல் உடைந்தது. "கல்யாணமே ஆகாதவன் நான். பொண்டாட்டி, மகளுன்னு இல்லாத குடும்பத்தையெல்லாம் உண்டாக்கிச் சொல்லிப் பாத்துட்டேன். கடைசியில இல்லாத நாயைக்கூடச் சாகடிச்சுட்டேன். ஒரு சொட்டு வரலயே! நான் போனா அழறதுக்கு இவரு ஒருத்தராச்சும் இருக்காருன்னு தெம்பா இருந்தேன்."

கதவு திறந்தது.

"கோட்டை மாட்டிக்கிட்டு உள்ள போங்க ஏட்டையா" என்றார் சிஸ்டர், மூக்கை உறிஞ்சியபடி. "அதுக்கு முன்னாடி, உங்க கர்ச்சீப்பக் கொஞ்சம் குடுங்க."