நாலாவது வரிசை

"நாலாவது வரிசைக்கு நீ மருந்தே அடிக்கலை. ஒத்துக்கோ கெம்பம்மா."

சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் நீட்டிய தாளில், அவளே வேலையை விட்டுப் போவதாக எழுதியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

ஓசூரை ஒட்டிய பசுமைக்குடில் அது. தொட்டிச் செவ்வந்தி ஒரு சாணுக்கு மேல் வளர்ந்தால் பெங்களூரு போகும் பெட்டியில் அடங்காது. அதற்காகத்தான் குட்டை மருந்து. பதினோரு வருடமாக அதை அடிப்பவள் கெம்பம்மா.

நாலாவது வரிசை மட்டும் ஒன்றரைச் சாண் வளர்ந்து நின்றது.

"அடிச்சேன் சார்."

"அப்புறம் எப்படி வளர்ந்துச்சு? உன்னைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்து நின்னுடுச்சா?"

மேனேஜர் கமலக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி நிக்குது. சீக்கிரம் முடிங்க."

கெம்பம்மா பேனாவை வாங்கினாள்.

"கொஞ்சம் பொறுங்க சார்." ஆய்வகத்து அனுப்ரியா வேகமாக வந்தாள். "இலையைச் சோதிச்சுட்டேன். இவங்க மருந்து அடிச்சிருக்காங்க."

"உயரத்தைப் பாருங்க மேடம்" என்றான் ராஜேஷ்குமார்.

"அந்த மருந்து செடி நீளுறதையும் தடுக்கும், இலையில இருக்கிற ஸ்டீரால்ங்கிற கொழுப்பையும் குறைக்கும். இந்த வரிசையில ஸ்டீரால் குறைஞ்சுதான் இருக்கு. அதுக்கு மேல யாரோ ஜிபரெலின்ங்கிற வளர்ச்சி மருந்தை அடிச்சிருக்காங்க. அது உயரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துடுச்சு."

"ஜிபரெலினா? எந்த மடையன் செஞ்ச வேலை? இன்னைக்கே அவனை வெளியே அனுப்பணும் சார்" என்றான் ராஜேஷ்குமார்.

மேனேஜர் திரும்பினார். "யாருன்னு தெரியுமா கெம்பம்மா?"

அவள் பேனாவை மூடினாள். "தெரியாதுங்க சார்."

மேனேஜரும் அனுப்ரியாவும் லாரிப் பக்கம் போனார்கள். கெம்பம்மா தன் சாமான் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காலி கேனை எடுத்து ராஜேஷ்குமாரிடம் நீட்டினாள்.

"மூணு வாரம் முன்னாடி, ஞாயித்துக்கிழமை நான் லீவு, நீங்க மட்டும்தான் டூட்டி. இலை உரம்னு நெனச்சு நீங்க நாலாவது வரிசைக்கு அடிச்சது இதுதான் சாமி. லேபிளைப் படிங்க."

படித்தான். ஜிபரெலின்.

கிழிக்காத தாள் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "இது உன்கிட்ட... எப்படி?"

"திங்கக்கிழமை வந்தப்பவே நாலாவது வரிசையில கிடந்ததைப் பார்த்தேன். அடுத்த மாசம் உங்களுக்கு பர்மனன்ட் ஆவுதுன்னாங்க. அதான், யார் கண்ணுலயும் படாம எடுத்து வெச்சேன்."