அழித்த நாற்பது வீடுகள்

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த மழைக்காட்டுப் படத்தில், மரங்களுக்கடியில் பழங்காலத்துத் தெருக்கள் தெரிந்தன. நாற்பது வீடுகளின் அடித்தளமும்.

"காட்டுக்குள்ள ஏதுய்யா நகரம்? ரோடு போடணும், அழிச்சு விடு!" என்றார் மேலாளர்.

வரைபடக்காரர் கணினியில் அழித்தார். 'மனிதர் வாழ்ந்த தடயமில்லை' என்று கை கூசக் கூசக் கையெழுத்தும் போட்டார்.

மறுவாரம் விமானம் மீண்டும் பறந்தது. உதவியாளர் புதுப் படத்தோடு ஓடிவந்தாள்.

"சார், நீங்க படத்துலதானே அழிச்சீங்க? இப்ப காட்டுலயே ஒரு வீடும் இல்ல! அந்தந்த இடத்துல ஏதோ நிக்குது. மரக்கன்னா இருக்குமோ?"

அவர் அங்கே நின்றவற்றின் உயரங்களைப் பார்த்தார். ஐந்தரை அடி. ஐந்தடி. நடுவில் இரண்டடி. நாற்பது இடத்திலும் அப்படித்தான், நெருக்கி நெருக்கி.

"மரக்கன்னுன்னே எழுதிடும்மா," என்றார். திரையை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.