அடுத்த மாசப் பாடம்

"அனந்தபுரத்துப் பையனுக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச பொண்ணுதான் வேணுமாம்" என்று செஞ்சி மளிகைக் கடைக்காரர் உத்திராபதி, வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து, அவர் மகள் செந்தாமரைக்குச் சோறு இறங்கவில்லை. இந்திக் கலாட்டா ஓய்ந்த அறுபத்தைந்தாம் வருஷம். ஊரெங்கும் இங்கிலீஷ் மோகம். அவளோ எட்டாவதோடு நின்றவள்.

மாசச் சம்பளம் பேசி டியூஷனுக்குப் பூவராகவன் சார் வந்தார். ஸீ, லுக், வாட்ச் மூன்றிலேயே அவள் முட்டி நின்றாள்.

"மூணும் பார்க்கறதுதானே சார்? என்னைப் பொண்ணு பார்க்க வராங்களே, அது இதுல எது?"

"அது அடுத்த மாசப் பாடம்மா."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்தேவிட்டார்கள்.

கேசரி சாப்பிட்ட கையைக் கழுவ மாப்பிள்ளை பாலசுப்பிரமணியன் கிணற்றடிக்கு வந்தான். சொம்பை நீட்டிய செந்தாமரை அழுதேவிட்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. எங்க நைனாகிட்ட சொல்லிடாதீங்க."

அவன் திகைத்தான். "இங்கிலீஷ் பேசற மாப்பிள்ளைதான் வேணும்னு நீதான் கேட்டியாமே? அதுக்காகவே டியூஷன் போறேன். ஸே, டெல், ஸ்பீக் மூணுக்கும் இன்னா வித்தியாசம்னு இன்னும் புரியல."

"நான் கேக்கவேயில்லீங்க! யாரு சொன்னது?"

"ஜாதகம் கொண்டாந்தவருதான். டியூஷனும் அவருகிட்டத்தான்."

"பூவராகவன் சாரா? எங்க வீட்டுக்கும் ஜாதகம், டியூஷன் ரெண்டும் அவருதான்!"

அவன் தலையாட்டினான்.

கூடத்திலிருந்து சாரின் குரல் கேட்டது. "பொருத்தமெல்லாம் அமோகம். ஆனா வர்ற ஆனியில அவசரப்பட வேணாம். தையில வெச்சுக்கலாம்."

இரண்டு அப்பாக்களும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள்.

வாயைத் திறந்தால் இருவர் குட்டும் உடைந்துவிடும். பாலசுப்பிரமணியன் கையைக் கழுவாமலே நின்றான்.

"உனக்கு எந்தக் கிழமை டியூஷன்?" என்று மட்டும் கேட்டான்.